ஜெரோமின் உரைத்தேர்வு

கி.பி. 4ஆம் நூற்றாண்டில் ஸ்திரிதோன் என்னும் ஊரில் பிறந்து உரோமில் இலக்கணம் பயின்ற ஜெரோம், விவிலியத்தை இலத்தீனில் பெயர்த்தவராகவே பெரிதும் அறியப்படுகிறார். உரையாசிரியராக அவர் எதிர்கொண்ட சிக்கல் வேறு: முந்தைய உரைகளுள் எதனைக் கொள்வது என்பதே அது.

386இல் பெத்லகேமில் தங்கிய ஜெரோம், எபேசியர் திருமுகத்திற்கு உரை வகுத்தார். அதில் ஒரிஜன், அப்பொலினாரிஸ், திதிமுஸ் ஆகியோரின் விளக்கங்களை எடுத்தாண்டார். பல இடங்களில் உரியவர் பெயரைச் சுட்டவில்லை. 393 அளவில் பாலஸ்தீனத்தில் ஒரிஜனின் கோட்பாடுகள் கண்டனத்திற்கு உள்ளானபோது, கண்டித்தோர் பக்கம் நின்றார். ஆனால் 398இல் ஒரிஜனின் நூலொன்றை இலத்தீனில் பெயர்த்த ரூபினுஸ், அப்பணிக்கு ஜெரோமையே முன்னோடியாகக் காட்டினார். பின்னர் எழுந்த பூசலில் எபேசியர் உரையே அவருக்கு எதிரான சான்றாயிற்று.

பலர் கருத்தையும் முன்வைப்பதே உரையாசிரியர் கடன். கொள்வதும் தள்ளுவதும் கற்போர் பொறுப்பு என்பது ஜெரோமின் மறுமொழி. பெயர் சுட்டப்படாத இடங்களில் கற்போர் கருத்துகளைப் பகுத்தறிதல் அரிதாதலின், இம்மறுமொழி முழுமையாக ஏற்கத்தக்கதன்று. ஆயினும் அவர் தம் நிலைப்பாட்டைக் கைவிடவில்லை. 420 அளவில் மறைந்த அவர், இறுதிக்காலத்து எரேமியா உரையில் ஒரிஜனைக் கடிந்துகொண்டே அவர்தம் விளக்கங்களையும் பயன்கொண்டார். கோட்பாட்டை மறுத்தல் வேறு, புலமையை மறுத்தல் வேறு என்னும் தெளிவே அவரது உரைத்தேர்வின் அடிப்படை எனலாம்.