ஒரு பானை ஓட்டின் வயதை மண் எப்படிச் சொல்லும்? யார் இந்த மார்ட்டிமர் வீலர்?

கீழடி அகழாய்வுப் படங்களைப் பார்த்தால் இரண்டு விஷயம் கண்ணில் படும். சதுரம் சதுரமாக வெட்டிய குழிகள், நடுவே வெட்டாமல் விட்ட மண் சுவர்கள். இந்த முறையை இந்தியாவில் பரப்பியவர் மார்ட்டிமர் வீலர். தமிழக வரலாற்றோடு அவரை இணைத்தது சென்னை எழும்பூர் அருங்காட்சியகம்.

யார் இவர்?

1890-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தவர். இரண்டு உலகப் போர்களிலும் பீரங்கிப் படையில் பணியாற்றினார். நடுவில் இங்கிலாந்தின் மெய்டன் காசில் கோட்டையை அகழாய்வு செய்து பெயர் வாங்கினார். 1944-ல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநர் ஆனார்.

அலமாரியில் என்ன இருந்தது?

பதவியேற்ற அதே ஆண்டு எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தவர், ஓர் அலமாரியில் உடைந்த ஜாடித் துண்டைப் பார்த்தார். ரோமானியர்கள் ஒயின் கொண்டுபோகப் பயன்படுத்திய ஆம்போரா ஜாடி அது. கிடைத்த இடம், அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேடு. அங்கே போனால், அரிட்டைன் எனப்படும் இத்தாலியச் சிவப்புப் பானை ஓடுகளும் ஏற்கெனவே கிடைத்திருந்தன.

வீலருக்கு இது பெரிய விஷயம். கார்பன் கால ஆய்வு அப்போது வரவில்லை. தென்னிந்தியாவில் கிடைத்த பானைகளுக்கும் ஈமச் சின்னங்களுக்கும் உறுதியான காலம் சொல்ல வழியில்லை. ஆனால் அரிட்டைன் ஓடு எந்தக் காலத்தது என்று இத்தாலியில் தெரியும். அது கிடக்கும் மண்ணடுக்கின் காலம் தெரிந்தால், அதே அடுக்கில் உள்ள உள்ளூர்ப் பானையின் காலமும் தெரிந்துவிடும்.

ஆழத்தை மட்டும் அளந்தால் போதாதா?

போதாது. தி.நகரில் ஒரு தெருவில் கேபிள் புதைக்க 6 அடி தோண்டி மூடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே ஒரு பிளாஸ்டிக் பாட்டில் விழுந்துவிட்டது. பக்கத்தில் அதே 6 அடியில் 200 வருஷத்துப் பழைய ஓடு கிடக்கிறது. ஆழம் ஒன்றுதான், காலம் வேறு. குழிச் சுவரைப் பார்த்தால், பாட்டில் கிடக்கும் மண் மேலிருந்து வெட்டி நிரப்பியது என்று நிறத்திலேயே தெரியும்.

மொகஞ்சதாரோவில் அதுவரை பொருட்களை ஆழ அளவை வைத்தே பதிவு செய்திருந்தார்கள். வீலர் அதைக் கடுமையாக விமர்சித்தார். ஒவ்வொரு மண்ணடுக்குக்கும் எண் கொடுக்க வேண்டும், சுவரின் வெட்டுத்தோற்றத்தை வரைய வேண்டும், கிடைத்த பொருளில் அடுக்கு எண்ணை எழுத வேண்டும் என்றார். வெட்டாமல் விட்ட சுவர்கள் இதற்காகத்தான்.

அவர் கணித்தது சரியா?

1945-ல் அரிக்கமேட்டைத் தோண்டி, அங்கே ரோம வணிகம் கி.பி. 1-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்ததை அடுக்குகள் மூலம் காட்டினார். அங்கு கிடைத்த ரௌலட்டட் வகைப் பானை ஓடு, 1947-ல் கர்நாடகத்தின் பிரம்மகிரியிலும் கிடைத்தது. அதை வைத்து அங்கிருந்த பெருங்கற்கால அடுக்குகளுக்கும் காலம் சொன்னார்.

ஆனால் ஓரிடத்தில் சறுக்கினார். ரோமானியர் வந்த பிறகே அரிக்கமேடு வளர்ந்தது என்று நினைத்தார். ரௌலட்டட் பானையையும் ரோமத் தொடர்பாகவே பார்த்தார். விமலா பெக்லி 1983-ல் வீலரின் அடுக்குப் பதிவுகளையே மறுபடி படித்து, இதைக் கேள்வி கேட்டார். 1989 முதல் 1992 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே.வி.ராமனோடு சேர்ந்து அங்கே மீண்டும் தோண்டினார். ரோமானியர் வருவதற்கு முன்பே, குறைந்தது கி.மு. 2-ம் நூற்றாண்டிலேயே ஊர் இருந்தது தெரிந்தது. ரௌலட்டட் பானை இந்தியத் தயாரிப்பு என்பதும் பின்னர் உறுதியானது.

வீலரின் முடிவு மாறியது. அடுக்குகளை அவர் ஒழுங்காக வரைந்து வைத்திருந்ததால்தான் மாற்ற முடிந்தது.

இப்போது ஏன் இது முக்கியம்?

கீழடி பற்றி அமர்நாத் ராமகிருஷ்ணா கொடுத்த 982 பக்க அறிக்கையில், 2025-ல் இந்தியத் தொல்லியல் துறை திருத்தம் கேட்டது. மண்ணடுக்குகள், கால ஆய்வுகளின் அடிப்படையில் எழுதியது என்று அவர் மறுத்துவிட்டார். கால வரிசையை எது தீர்மானிக்கிறது என்ற அதே கேள்விதான் அங்கும் எழுந்தது.

வீலர் 1948-ல் இந்தியப் பதவியை விட்டுப் போனார். பிறகு பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் பிரபலமானார். 1976-ல் இறந்தார். அவர் மாணவராகப் பயிற்சி கொடுத்த பி.பி.லால், பின்னாளில் அதே துறைக்குத் தலைமை இயக்குநரானார்.