விளக்கும் கணக்கேடும்

ஆண்டு முடிவில் நாம் ஐந்தொகை எழுதுகிறோம். லாபம் கண்ட வருடத்தில் பேனா தானாக ஓடும். நஷ்டம் கண்ட வருடத்திலோ கை தயங்கும். அதிலும் அந்த நஷ்டம் நமது சொந்தக் கவனக்குறைவால் நேர்ந்தது என்று தெரிந்துவிட்டால், அதை உள்ளபடி எழுதித் தலைவாசலில் வைப்பதற்குப் பெரும் நெஞ்சுரம் வேண்டும். மனித உயிர்களின் கணக்கில் அப்படிப்பட்ட ஒரு நஷ்டத்தை உள்ளபடி எழுதிய ஒரு பெருமாட்டியின் வரலாற்றை இங்கே நம் வணிக அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

அவர்தாம் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். கையில் விளக்கேந்தி நோயாளிகளைச் சுற்றி வந்தவர் என்று பள்ளிப் புத்தகங்களில் நாம் படித்திருக்கிறோம். அந்த விளக்கு துருக்கிக் கடைத்தெருக்களில் விற்கும் மடிப்பு விளக்கு என்பதைப் பலர் அறியார். அவரது மறு கையில் ஒரு கணக்கேடு இருந்தது என்பதை அறிந்தவர் அதனினும் குறைவு.

அம்மையார் 1820 மே 12இல் இத்தாலி நாட்டின் பிளாரன்ஸ் நகரில் பிறந்தார். ஊரின் பெயரே அவருக்குப் பெயராயிற்று. பெற்றோர் இங்கிலாந்தின் பெருஞ் செல்வர்கள். தந்தை தாமே ஆசிரியராக இருந்து மகளுக்குக் கிரேக்கமும் லத்தீனும் சரித்திரமும் கற்பித்தார். மகளின் உள்ளமோ கணக்கிலே ஊன்றியது. பதினாறாம் வயதில், இறைவன் தம்மைத் தொண்டுக்கு அழைப்பதாக அவர் உணர்ந்தார். அந்தத் தொண்டு நோயாளிகளைப் பேணுவதே என்று பின்னர்த் தெளிந்தபோது, வீட்டில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. அந்நாளில் இங்கிலாந்தில் தாதி வேலை மதிப்பற்ற வேலை. வேறு பிழைப்பில்லாதவர்களும் குடிப்பழக்கம் உள்ளவர்களுமே அதற்கு வருவார்கள் என்பது பொதுவான எண்ணம். அம்மையார் பல ஆண்டுகள் பொறுத்திருந்தார். நல்ல இடத்திலிருந்து வந்த திருமணத்தையும் மறுத்தார். 1851இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் என்னும் ஊரில் சில மாதங்கள் பயிற்சி பெற்றார். 1853இல் லண்டனில் பெண்களுக்கான ஒரு சிறு மருத்துவ இல்லத்தைச் சம்பளமின்றி ஏற்று நடத்தலானார்.

அவ்வாண்டு ரஷ்யாவுக்கும் துருக்கிக்கும் போர் மூண்டது. 1854இல் பிரிட்டனும் பிரான்சும் துருக்கியின் பக்கம் சேர்ந்தன. இதுவே கிரிமியப் போர். இஸ்தான்பூலுக்கு எதிர்க்கரையிலுள்ள உஸ்குதார் என்னும் பகுதியை ஆங்கிலேயர் ஸ்கூட்டாரி என்பர். அங்கிருந்த செலிமிய்யே பாசறையைத் துருக்கி அரசு பிரிட்டிஷ் படைக்கு ஆஸ்பத்திரியாகக் கொடுத்து உதவியது. காயம்பட்ட சிப்பாய்கள் அங்கே கவனிப்பாரற்றுக் கிடக்கும் செய்தி லண்டன் பத்திரிகையில் வெளிவரவே, நாடு கொதித்தது. மந்திரி சிட்னி ஹெர்பர்ட், அம்மையாரின் உதவியை நாடினார். 38 தாதிகளுடன் புறப்பட்ட அவர், 1854 நவம்பர் 4இல் அங்கே போய்ச் சேர்ந்தார்.

ராணுவ வைத்தியர்கள் முதலில் அவர்களை நோயாளிகளின் அருகே விடவில்லை. இங்கர்மன் போர்க்களத்திலிருந்து காயம்பட்டவர்கள் வந்து குவிந்த பிறகே கதவு திறந்தது. நோயாளிகளுக்கு மாற்றுத் துணி இல்லை. தரையைத் தேய்க்கத் தூரிகை இல்லை. வந்திறங்கிய சரக்கும், உத்தரவுக் காகிதம் வரும்வரை பிரிக்கப்படாமல் கிடந்தது. அம்மையார் தம் கைப்பணத்தையும் பத்திரிகை வாசகர்கள் திரட்டி அனுப்பிய நிதியையும் கொண்டு இஸ்தான்பூல் சந்தையில் சாமான்கள் வாங்கினார். வீடு ஒன்றை அமர்த்திச் சலவைக்கு ஏற்பாடு செய்தார். வந்தது எவ்வளவு, வழங்கியது எவ்வளவு என்று கணக்கும் வைத்தார்.

கடல் கடந்து பொருளீட்டி ஊருக்குப் பணம் அனுப்பும் நமக்கு, அவர் செய்த மற்றொரு காரியம் நன்கு விளங்கும். சிப்பாய்கள் சம்பளத்தைக் குடித்தே தீர்ப்பார்கள் என்று அதிகாரிகள் நம்பினர். அம்மையார் அதை ஏற்கவில்லை. பணத்தை வீட்டுக்கு அனுப்பச் சரியான வழி இல்லாததே குறை என்றார். தாமே பணம் வாங்கி அனுப்பத் தொடங்கினார். பின்னர் 1856இல் அரசாங்கமே அதற்கு அலுவலகங்கள் திறக்க, ஆறு மாதத்தில் சுமார் 71,000 பவுன் சிப்பாய்களின் குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

எனினும் மரணம் நிற்கவில்லை. 1855 பிப்ரவரியில், ஆஸ்பத்திரியில் நூற்றுக்கு 42 பேர் மாண்டனர். காயத்தால் மாண்டவர் சிலரே. காலரா, சீதபேதி, விஷக்காய்ச்சல் முதலிய நோய்களால் மாண்டவரே மிகப் பலர். மார்ச்சில் லண்டனிலிருந்து சுகாதாரக் குழு ஒன்று வந்தது. பாசறையின் அடியில் அடைபட்டுக் கிடந்த சாக்கடைகளை அது கழுவித் திறந்தது, காற்றோட்டத்துக்கு வழி செய்தது, குடிநீரைச் சீராக்கியது. சில மாதங்களில் மரணம் நூற்றுக்கு இரண்டு என்ற அளவுக்கு இறங்கிற்று.

1856இல் போர் முடிந்தது. சுல்தான் அப்துல் மஜீத் அம்மையாருக்கு வைரக் காப்பு ஒன்றை அன்பளிப்பாக வழங்கினார். இங்கிலாந்தில் அவருக்குப் பெரும் வரவேற்பு காத்திருந்தது. அவரோ வேறு பெயரில் பயணம் செய்து, ஓசையின்றி வீடு சேர்ந்தார்.

அதன் பிறகே அவர் வாழ்வின் பெருஞ் சோதனை வந்தது. பட்டினியும் குளிரும் சாமான் பற்றாக்குறையுமே சிப்பாய்களைக் கொன்றன என்று அதுவரை அவர் எண்ணியிருந்தார். புள்ளிவிவர நிபுணர் வில்லியம் பார் என்பவருடன் அமர்ந்து இறந்தோர் கணக்கை மாதவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. அவர் இரவு பகலாக உழைத்த அந்த ஆஸ்பத்திரியின் அசுத்தமே பல்லாயிரவரைப் பலி கொண்டிருந்தது. நாடே அவரைப் புகழ்ந்துகொண்டிருந்த நேரம் அது. அந்தக் கணக்கை மூடி வைத்திருந்தால் கேட்பார் யாருமில்லை. அம்மையார் மூடவில்லை. வட்டப் படம் ஒன்று வரைந்து, நோயால் இறந்தோரை நீலத்திலும் காயத்தால் இறந்தோரைச் சிவப்பிலும் மற்றவரைக் கறுப்பிலும் காட்டினார். சிவப்பு சிறிதாகவும் நீலம் மிகப் பெரிதாகவும் இருந்தது. எண்களைப் படிக்கப் பொறுமையில்லாத மந்திரிகளும் அதைக் கண்டதும் புரிந்துகொண்டனர். ராணுவ ஆஸ்பத்திரிகளும் பாசறைகளும் சீர்திருத்தப்பட்டன. 1858இல் லண்டன் புள்ளிவிவரச் சங்கம் அவரை அங்கத்தினராக ஏற்றது. அந்தச் சங்கத்தில் இடம் பெற்ற முதல் பெண் அவரே.

மக்கள் அவர் பெயரால் திரட்டிய நிதி சுமார் 45,000 பவுன். அதைக் கொண்டு 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் தாதியர் பள்ளி திறக்கப்பட்டது. அங்கே பயின்றவர்கள் பல நாடுகளுக்கும் சென்று பள்ளிகள் அமைத்தனர். இழிவாகக் கருதப்பட்ட வேலை, பயிற்சியும் ஒழுங்கும் உள்ள மதிப்பான தொழிலாயிற்று.

அம்மையார் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஆயினும் அங்குள்ள ராணுவ முகாம்களிலிருந்து விவரங்கள் வரவழைத்துப் படித்தார். ஆயிரத்துக்கு 69 ஆக இருந்த சிப்பாய்களின் மரணம் 18ஆகக் குறைந்ததை 1873இல் எடுத்துக் காட்டினார். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது, குடியானவர்களின் துயரை இங்கிலாந்துப் பத்திரிகைகளில் எழுதினார். கொள்ளிடத்தில் அணை கட்டிய ஆர்தர் காட்டனின் பக்கம் நின்று, பாசன வாய்க்கால்களுக்காக வாதாடினார்.

அவரிடம் குறை இல்லாமல் இல்லை. நோயைப் பரப்புவது கிருமி என்பதை அவர் நெடுங்காலம் ஏற்கவில்லை. கெட்ட காற்றே காரணம் என்றிருந்தார். ஆனாலும் சுத்தமான நீர், காற்று, சாக்கடை என்று அவர் வற்புறுத்தியவை கிருமியையும் சேர்த்தே விரட்டின.

போர்க்காலத்தில் பற்றிய நோயின் விளைவால் பல ஆண்டுகள் அவர் படுக்கையிலேயே இருந்தார். வேலை செய்ததும் அங்கிருந்தே. 1910 ஆகஸ்ட் 13இல், 90ஆம் வயதில் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யும் மரியாதையைக் குடும்பத்தார் ஏற்கவில்லை. கிராமத்துக் கல்லறையில் அவர் பெயரின் இரண்டு முதலெழுத்துக்களும் பிறந்த இறந்த தேதிகளுமே உள்ளன. அவர் பிறந்த மே 12ஐ, 1974 முதல் உலகத் தாதியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

அன்பர்களே! விளக்கு பிடித்தவரை உலகம் எளிதில் நினைவில் வைத்துக்கொள்ளும். ஆனால் விளக்கு அந்த இரவுக்கே ஒளி தந்தது. தமக்கே பாதகமான கணக்கை அவர் மறைக்காமல் எழுதியதோ, அவர் முகம் காணாத எத்தனையோ பேரைக் காத்தது. அடுத்த முறை பேரேட்டில் ஒரு நஷ்டத்தை எழுத நம் கை தயங்குமானால், இந்த அம்மையாரை ஒரு கணம் நினைத்துக்கொள்வோம்.