தள்ளுவண்டிப் பையன் பாவோ நூர்மி

ஏலகிரி மலைக்குப் போயிருக்கிறீர்களா? பொன்னேரியிலிருந்து மேலே ஏறும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். பேருந்தில் போனாலே சிலருக்குத் தலை சுற்றும். அந்தச் சாலையையும் விட்டுவிட்டு, மார்கழிப் பனியில், காட்டு வழியாகக் கல்லிலும் சேற்றிலும் கால் வைத்து ஓடச் சொன்னால் எப்படி இருக்கும்?

உண்மையிலேயே அப்படி ஒரு பந்தயம் இருக்கிறது. அதற்குக் கிராஸ் கன்ட்ரி ஓட்டம் என்று பெயர். மைதானத்தைச் சுற்றி வராமல் காடு, மேடு, புல்வெளி, ஓடை என்று எது குறுக்கே வந்தாலும் அதைத் தாண்டி ஓட வேண்டும். ஐரோப்பிய நாடுகளில் இதைப் பெரும்பாலும் குளிர்காலத்தில் நடத்துவார்கள். சேறு காலைப் பிடித்து இழுக்கும். எதிர்க்காற்று நெஞ்சில் மோதும். இந்த ஓட்டத்தில் உலகையே வியக்க வைத்தவர்தான் பாவோ நூர்மி.

பின்லாந்து நாட்டில் துர்கு என்ற ஊரில் 1897-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள் நூர்மி பிறந்தார். தந்தை தச்சுவேலை செய்பவர். 1910-இல் தந்தை இறந்துவிட்டார். வீட்டுச் செலவைச் சமாளிக்க, தாயார் சமையலறையை வேறொரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டார். எல்லோரும் ஒரே அறையில் வாழ்ந்தார்கள். படிப்பில் கெட்டிக்காரனாக இருந்தும் பாவோவால் பள்ளிக்குப் போக முடியவில்லை. ஒரு ரொட்டிக் கடையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தான்.

பாரம் ஏற்றிய தள்ளுவண்டியை மேட்டுத் தெருக்களில் தள்ளிக்கொண்டு போவதுதான் அவன் வேலை. துர்குவில் குளிர்காலம் என்றால் தெருவெல்லாம் பனி உறைந்து கிடக்கும். ஏற்றத்தில் வண்டி தள்ளுபவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உடம்பு முன்னால் சாய்ந்து, முழு பலமும் தொடையிலும் கெண்டைக்காலிலும் இறங்கும். தன் கால்களுக்கும் முதுகுக்கும் வலுவைக் கொடுத்தது அந்த வண்டிதான் என்று நூர்மியே பிற்காலத்தில் சொன்னதுண்டு.

1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பின்லாந்து வீரர் ஹான்னஸ் கோலெமைனன் 3 தங்கம் வென்றார். அதில் ஒன்று கிராஸ் கன்ட்ரி. அந்தச் செய்தி 15 வயது பாவோவைப் பற்றிக்கொண்டது. சில நாட்களிலேயே ஓடுவதற்கென்று முதல் ஜோடிக் காலணி வாங்கிவிட்டான். கோடையில் காட்டுப் பாதைகளில் ஓட்டம், பனிக்காலத்தில் பனிச்சறுக்கு என்று பயிற்சி தொடர்ந்தது. 1919-இல் ராணுவத்தில் சேர்ந்தார். ஒரு நீண்ட அணிவகுப்பில் மற்றவர்கள் நடந்துபோக, இவர் தோளில் துப்பாக்கியும் முதுகில் மணல் நிரப்பிய பையுமாக முழுத் தூரத்தையும் ஓடியே முடித்தாராம்!

அடுத்த ஆண்டு, 1920-இல், பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் ஒலிம்பிக் நடந்தது. தொழிலதிபர் சர் தோராப்ஜி டாடாவின் முயற்சியால் இந்தியா முதன்முதலாக ஓர் அணியை அனுப்பியது இந்த ஒலிம்பிக்குக்குத்தான். மழையும் குளிருமாக இருந்த மாரத்தான் ஓட்டத்தில் நம் பட்டேப்பா சௌகுலே 19-ஆவதாக வந்தார். முதலில் வந்தவர், அதே கோலெமைனன்.

நூர்மி 5,000 மீட்டரில் பிரான்ஸ் வீரர் ஜோசப் கில்லமோவிடம் தோற்றார். பிறகு 10,000 மீட்டரில் அவரை வென்றார். கிராஸ் கன்ட்ரியில் இருவரும் மீண்டும் மோதினார்கள். பாவம் கில்லமோ, வழியில் ஒரு குழியில் கால் வைத்து, கணுக்கால் பிசகி விலக நேர்ந்தது. நூர்மிக்குத் தங்கம். கரடுமுரடான நிலத்தில் வேகம் மட்டும் போதாது, ஒவ்வோர் அடியையும் எங்கே வைக்கிறோம் என்ற கவனமும் வேண்டும் அல்லவா?

நூர்மியிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. கையில் ஒரு நிறுத்து கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டே ஓடுவார். பள்ளி விளையாட்டு விழாக்களில் நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், முதல் சுற்றில் பாய்ந்து ஓடும் பிள்ளைகள் மூன்றாம் சுற்றில் விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார்கள். நூர்மி மற்றவர்களைப் பார்த்து ஓடவில்லை, கடிகாரத்தைப் பார்த்து ஓடினார். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீரான வேகம்.

அவருடைய பெரிய சோதனை 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் வந்தது. ஜூலை 10 அன்று 1,500 மீட்டரில் தங்கம் வென்று, ஒரு மணி நேரம் முடிவதற்குள் 5,000 மீட்டரிலும் தங்கம் வென்றார். இரண்டு நாள் கழித்துக் கிராஸ் கன்ட்ரி. சேற்றிலும் குளிரிலும் ஓட வேண்டிய பந்தயத்தை, 40 டிகிரியைத் தாண்டிய வெயிலில் வைத்தார்கள்! வேலூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லவே வேண்டாம், கத்திரி வெயில் என்றால் என்னவென்று. அந்த வெயிலில் 10 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். வழியெல்லாம் முழங்கால் உயர முட்செடிகள். பக்கத்து மின் நிலையத்தின் புகை வேறு.

ஓடும்போது தசைகளில் சூடு பிறக்கும். வியர்வை ஆவியாகி அந்தச் சூட்டைத் தணிக்கும். சூடு அதிகமாகி, உடம்பில் நீரும் குறைந்துவிட்டால் மூளை கலங்கும். அன்று நடந்தது அதுதான். வீரர்கள் தள்ளாடினார்கள், திசை தெரியாமல் ஓடினார்கள், மயங்கி விழுந்தார்கள். புறப்பட்ட 38 பேரில் முடித்தவர்கள் 15 பேர்தான். நூர்மி களைப்பே தெரியாமல் முதலில் வந்தார். அவருக்கு அடுத்து வந்த வில்லே ரிட்டோலா ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் பின்தங்கியிருந்தார்.

அணிக்கான தங்கம் வேண்டுமானால் பின்லாந்தின் மூன்றாமவர் ஒருவரும் முடித்தாக வேண்டும். ஹைக்கி லீமட்டைனன் எல்லைக்கோட்டுக்குச் சுமார் 30 மீட்டர் முன்னால், ஓட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்துத் திரும்பிவிட்டார்! எல்லோரும் கத்திச் சொன்ன பிறகு, மெல்ல நடந்து வந்து கோட்டைத் தொட்டார். 12-ஆம் இடம். தங்கம் கிடைத்துவிட்டது. அன்று பட்ட பாட்டுக்குப் பிறகு கிராஸ் கன்ட்ரியையே ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். நூர்மியோ மறுநாளே 3,000 மீட்டர் அணிப் போட்டியில் ஓடி, ஐந்தாவது தங்கத்தையும் வாங்கினார்.

அதிகம் பேசாதவர், சிரிக்காதவர் என்று அவரைச் சொல்வார்கள். ஆனால் 1928-இல் ஆம்ஸ்டர்டாமில் தடை தாண்டும் ஓட்டத்தின் தகுதிச் சுற்றில், அவர் தண்ணீர்க் குழியில் விழுந்தபோது, பிரான்ஸின் லூசியன் டுகேன் நின்று கைகொடுத்துத் தூக்கிவிட்டார். அதன் பிறகு நூர்மி அவரை விட்டுப் பிரியவே இல்லை. அவருக்கு முன்னால் ஓடி வழிகாட்டி அழைத்துப்போனார். முடிவில் முதலிடத்தையும் அவருக்கே விட்டுத்தர முன்வந்தார். டுகேன் அதை ஏற்கவில்லை. இருவருமே பெரிய மனிதர்கள்தான்.

மூன்று ஒலிம்பிக்குகளில் 9 தங்கம், 3 வெள்ளி. 1932-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் மாரத்தான் ஓடி முடித்துக்கொள்ள நினைத்தார். பயணச் செலவுக்கு அனுமதித்ததைவிட அதிகப் பணம் வாங்கினார் என்று தடகளச் சங்கம் தடை விதித்துவிட்டது. அந்த மனக்காயம் நூர்மிக்குக் கடைசிவரை ஆறவில்லை. பிறகு துணிக்கடை வைத்தார், கட்டடத் தொழில் செய்தார், சம்பாதித்ததில் இதயநோய் ஆராய்ச்சிக்கு அறக்கட்டளை அமைத்தார். 1973-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் காலமானார்.

அதற்கு முன் அவர் ஓடிய ஓர் ஓட்டத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1952-இல் ஒலிம்பிக் அவருடைய சொந்த நாட்டிலேயே, ஹெல்சிங்கியில் நடந்தது. தொடக்க விழா அன்று மழை. தீபத்தை ஏந்திக்கொண்டு அரங்கத்துக்குள் யார் வரப்போகிறார் என்பது அங்கிருந்த மக்களுக்குத் தெரியாது. வழுக்கைத் தலையோடு, 55 வயதில், அதே பழைய நடையில் நூர்மி ஓடி வந்தார். வரிசையில் நின்ற பல நாட்டு வீரர்கள் வரிசையைக் கலைத்துவிட்டு அவரைப் பார்க்க ஓடினார்கள். ஈர மைதானத்தைச் சுற்றி வந்து தீபம் ஏற்றினார். பிறகு சுடர் கோபுரத்தின் உச்சிக்குப் போனது. அங்கே அதை வாங்கக் காத்திருந்தவர் ஹான்னஸ் கோலெமைனன்.