மண்ணின் மணிச்சத்தை அளக்கக் கற்றுத் தந்த மருத்துவர்

பெரியகுளம் அருகே உள்ள கும்பக்கரையிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் பழைய நடைபாதையில் இருக்கிறது வெள்ளகவி. தலைமுறை தலைமுறையாகச் சாலை பார்க்காத மலை ஊர். ஊருக்குள் யாரும் செருப்பு அணிவதில்லை. காபி, மிளகு, ஆரஞ்சு எல்லாம் குதிரை முதுகில்தான் இறங்கின. அரிசியும் உரமும் அதே குதிரையில்தான் ஏறின. நோயாளியை டோலியில் தூக்கிக்கொண்டு பல மணி நேரம் நடந்த கதை அங்குள்ள பல வீடுகளில் உண்டு.

இந்த ஊரின் காபித் தோட்டத்திலிருந்து அரை கிலோ மண் எடுத்து மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மணிச்சத்தை எப்படி அளக்கிறார்கள்? மண்ணிலிருந்து வடித்த கரைசலில் மாலிப்டினம் உப்பும் வேறு ஒரு பொருளும் சேர்ப்பார்கள். கரைசல் நீலமாகும். நீலம் அடர்த்தியாக இருந்தால் மணிச்சத்து அதிகம், வெளிறியிருந்தால் குறைவு. இந்த நீல நிற முறையை எளிதாகவும் நம்பகமாகவும் ஆக்கி உலக ஆய்வகங்களுக்குக் கொடுத்தவர்களில் ஒருவர், சென்னையில் மருத்துவம் படித்தவர். பெயர் எல்லாப்ரகட சுப்பாராவ்.

வாழைப்பழம் விற்கக் கிளம்பிய சிறுவன்

1895 ஜனவரி 12 அன்று, அப்போதைய சென்னை மாகாணத்தில் இருந்த பீமவரத்தில் பிறந்தார். வறுமையான குடும்பம். 13 வயதில் வீட்டைவிட்டு ஓடி, காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுச் சம்பாதிக்கலாம் என்று கிளம்பினார். தாய் வெங்கம்மா விடவில்லை. பிடித்து வந்து பள்ளியில் உட்கார வைத்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தோற்றார். மூன்றாவது முறை, சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார்.

மாநிலக் கல்லூரிக்குப் பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தியின் அழைப்பை ஏற்று, அறுவை சிகிச்சை வகுப்புக்குக் கதர் அங்கி அணிந்து போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வை நன்றாக எழுதியும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதைவிடக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. அரசு மருத்துவப் பணிக்கு வழி அடைபட, சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உடற்கூறு பாடம் நடத்தினார்.

இதற்கிடையே இரண்டு சகோதரர்கள் சில நாள் இடைவெளியில் இறந்துபோனார்கள். காரணம் ஸ்ப்ரூ என்ற குடல் நோய். உண்ட உணவின் சத்து உடலில் ஒட்டாமல் போய், ரத்தம் குன்றி, ஆள் உருகிவிடுவார். அன்று அதற்கு மருந்து கிடையாது. மருத்துவம் படித்தவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மணிச்சத்து ஏன் தேவை?

1923-ல் மாமனார் கொடுத்த பணத்துடன் அமெரிக்காவின் பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். படிப்புச் செலவுக்கு மருத்துவமனையில் கடைநிலை வேலை பார்த்தார். அவர் கிளம்பிய பின் ஊரில் பிறந்த மகன், கைக்குழந்தையாகவே இறந்தான். தந்தை அவனைப் பார்க்கவே இல்லை.

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கே என்ற பேராசிரியருடன் சேர்ந்து, 1925-ல் மேலே சொன்ன நீல நிற முறையை வெளியிட்டார். ரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளப்பதற்காக வந்த முறை அது. மண் ஆய்வகங்களில் இன்று சேர்க்கும் பொருள் சற்று மாறியிருக்கிறது, அடிப்படை அதேதான்.

அந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு தசையை ஆராய்ந்தபோது, 1929-ல் ஏ.டி.பி. என்ற பாஸ்பரஸ் சேர்மத்தை ஃபிஸ்கேயும் அவரும் கண்டார்கள். ஜெர்மனியில் கார்ல் லோமன் அதே ஆண்டில் தனியாக அதைக் கண்டறிந்தார். உயிருள்ள ஒவ்வொரு செல்லிலும் சக்தியைக் கைமாற்றிக் கொடுப்பது இதுதான். மாடு ஏர் இழுப்பதும், நெல் வேர் விடுவதும், காபிச் செடி காய் பிடிப்பதும் இதன் தயவில்தான். மணிச்சத்து குறைந்தால் வேர் ஏன் சோர்ந்து போகிறது என்பதற்கான விடைகளில் ஒன்று இங்கே இருக்கிறது.

பழனி மலை போன்ற மழை மிகுந்த மலைப் பகுதிகளின் மண் பெரும்பாலும் அமிலத் தன்மை கொண்டது. அதில் உள்ள இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்துப் பூட்டிவிடும். உரம் இட்டும் பயிருக்குக் கிடைக்காது. எனவே மலை விவசாயிகள் மண்ணைச் சோதித்து, அமிலத்தன்மைக்கு ஏற்ப முதலில் சுண்ணாம்பு இட வேண்டும். அமில மண்ணில் மெல்லக் கரையும் ராக் பாஸ்பேட்டும் நன்றாகப் பலன் தரும். குதிரையில் ஏற்றிய உரத்தை மண்ணே பூட்டி வைத்துக்கொண்டால் நஷ்டம் உங்களுக்குத்தானே?

கீரையிலிருந்து மாத்திரைக்கு

இவ்வளவு சாதித்தும் ஹார்வர்டில் நிரந்தர ஆசிரியர் பதவி கிடைக்கவில்லை. 1940-ல் நியூயார்க் அருகே பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே மருந்து ஆய்வகத்தில் சேர்ந்தார். விரைவில் ஆராய்ச்சி முழுவதற்கும் தலைமை ஏற்றார்.

ரத்தச் சோகையைத் தீர்க்கும் ஒரு சத்து ஈரலிலும் கீரையிலும் இருப்பது அப்போது தெரிந்திருந்தது. ஆனால் அதன் அளவு மிக மிகக் குறைவு. டெக்சாஸ் விஞ்ஞானிகள் அதைச் சிறிதளவு பிரித்தெடுக்க 4 டன் பசலை வகைக் கீரையை அரைக்க வேண்டியிருந்தது. இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று அதற்குப் பெயர் வந்தது. சுப்பாராவின் குழு அதன் அமைப்பைக் கண்டுபிடித்து, 1945-ல் ஆய்வகத்திலேயே செயற்கையாகத் தயாரித்தது. டன் கணக்கில் கீரை அரைத்த காலம் முடிந்தது. சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூ நோய்க்கும் அது மருந்தானது. கர்ப்பிணிகளுக்கு இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையில் சேர்ந்திருப்பது அதே ஃபோலிக் அமிலம்தான்.

அந்த மூலக்கூறைச் சற்றே மாற்றினால் செல் ஏமாந்து அதை ஏற்று, பெருகாமல் நின்றுவிடும். இப்படித் தயாரித்த அமினோப்டெரின் மருந்தை, பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்து நோயைத் தற்காலிகமாக அடக்கிக் காட்டினார். அதன் உறவான மெத்தோட்ரெக்சேட், புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் இன்றும் தரப்படுகிறது. யானைக்கால் நோய்க்கு வீடு வீடாக வழங்கப்பட்ட டி.இ.சி. மாத்திரையும் 1947-ல் சுப்பாராவ் குழு கொண்டுவந்ததே.

இன்றைய மருந்துத் தயாரிப்பு இன்னும் முன்னேறிவிட்டது. பெரிய கொப்பரைகளுக்குப் பதில் மெல்லிய குழாய்களில் இடைவிடாமல் ஓடவிட்டு மருந்து செய்கிறார்கள். கடும் ரசாயனங்களின் இடத்தில் நொதிகளையும் நுண்ணுயிர்களையும் வேலைக்கு வைக்கிறார்கள். ஆனால் இயற்கையிடம் பாடம் கேட்டு, பிறகு ஆய்வகத்தில் செய்வது என்ற வழி மாறவில்லை.

வயல் மண்ணில் கிடைத்த மருந்து

அடுத்தது நம் வயலோடு நேரடியாகச் சேர்ந்தது. அமெரிக்காவின் மிசோரி பல்கலைக்கழகத்தில் 1888 முதல் நடந்துவரும் நீண்டகால வேளாண் சோதனைத் திடல் ஒன்று உண்டு, பெயர் சான்பார்ன். அங்கே உரமே இடாமல் தீமோத்திப் புல் வளர்த்த ஒரு பாத்தியின் மண், லெடர்லே ஆய்வகத்துக்கு வந்தது. பணி ஓய்வு பெற்று 70 வயதைத் தாண்டிய தாவர அறிஞர் பெஞ்சமின் டக்கரை சுப்பாராவின் ஆய்வகம் வேலைக்கு வைத்திருந்தது. அவர் அந்த மண்ணிலிருந்து பொன்னிற நுண்ணுயிர் ஒன்றைப் பிரித்தார். அதிலிருந்து 1948-ல் வந்தது ஆரியோமைசின். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்து.

அது வெளியான சில வாரங்களில், 1948 ஆகஸ்டில், சுப்பாராவ் தூக்கத்திலேயே இறந்தார். வயது 53. ஊர் திரும்பவே இல்லை. அமெரிக்கக் குடியுரிமையும் பெறவில்லை. நோபல் பரிசும் இல்லை. இந்தியா 1995-ல் தபால்தலை வெளியிட்டது.

மருந்து செத்துப்போகலாமா?

அதே டெட்ராசைக்ளின் பிறகு கோழித் தீவனத்துக்குப் போனது. ஸ்ட்ரெப்டோமைசினுடன் கலந்து நெல்லின் பாக்டீரியா இலைக்கருகலுக்கும் எலுமிச்சைச் சொறி நோய்க்கும் தெளிக்கப்பட்டது. வயலில் இந்த மருந்துக்குப் பழகிப்போன கிருமியின் எதிர்ப்புத் திறன், மனிதனைத் தாக்கும் கிருமிக்கும் கைமாறக்கூடும். அதனால்தான் இந்தக் கலவையைப் பயிரில் பயன்படுத்துவதைப் படிப்படியாக நிறுத்த, மத்திய அரசு 2021-ல் வரைவு ஆணை வெளியிட்டது. கோலிஸ்டின் மருந்தைக் கால்நடை, கோழி, மீன் வளர்ப்பில் பயன்படுத்த 2019-லேயே தடை வந்துவிட்டது.

ஆகவே இலைக்கருகல் கண்டவுடன் ஆன்டிபயாட்டிக் பொட்டலத்தைத் தேடாதீர்கள். எதிர்ப்புத் திறன் உள்ள ரகம், அளவான தழைச்சத்து, நோயுள்ள வயல் நீரை அடுத்த வயலுக்கு விடாமல் தடுப்பது ஆகியவற்றில் தொடங்குங்கள். கோழிக்கும் மாட்டுக்கும் கால்நடை மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும், சொன்ன நாள் வரை கொடுங்கள். மருந்து கொடுத்த நாட்களில் கறந்த பாலை விற்காதீர்கள்.

வெள்ளகவி போன்ற ஊரில் காய்ச்சல் கண்ட ஒருவரை மலை இறக்கி மருத்துவமனை சேர்க்கவே பல மணி நேரம் ஆகும். அங்கே போடும் ஊசி வேலை செய்தாக வேண்டும். மறு ஊசி தேடும் நேரம் அவருக்கு இருக்காது.