முதல் மாங்கனி

செட்டிநாட்டுப் பக்கம் போயிருக்கிறீர்களா? காரைக்குடியிலோ, கானாடுகாத்தானிலோ ஏதாவது ஒரு தெருவில் சற்று நடந்து பாருங்கள். வீட்டுக்கு வீடு முகப்பில் நீண்ட திண்ணை இருக்கும். வெயிலில் வந்தவர் உட்காரலாம், நடந்து களைத்த பெரியவர் ஒரு தூணில் சாய்ந்துகொள்ளலாம். அந்த வீட்டு ஆண்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் கப்பலேறிப் போய், வருடக்கணக்கில் அங்கேயே தங்கி வியாபாரம் பார்த்த காலம் ஒன்று உண்டு. அப்போதெல்லாம் வீட்டை ஆண்டவர்கள் ஆச்சிமார்கள்தான். வாசலில் வந்து நிற்பவருக்கு என்ன கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டியதும் அவர்கள்தான்.

நகரத்தார் பெருமக்கள் தங்கள் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டிய நாட்டுக்குக் குடிவந்ததாக வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அந்தப் பூம்புகாருக்குத் தெற்கே, அதே கடற்கரையில் இன்னொரு வணிக ஊர் இருக்கிறது. அங்கேயும் கப்பல் ஓட்டிய குடும்பங்கள் வாழ்ந்தன. சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன்னால் அந்த ஊரில் ஓர் இளம் மனைவி, முன்பின் தெரியாத ஒரு முதியவருக்குச் சோறு போட்டாள். கூடவே ஒரு மாம்பழத்தையும் வைத்தாள்.

யாரென்று கண்டுபிடித்திருப்பீர்கள். ஊர் காரைக்கால். அந்தப் பெண்ணின் பெயர் புனிதவதி. நாம் கைகூப்பி வணங்கும் காரைக்கால் அம்மையார்!

மாம்பழக் கதைதானே, தெரிந்ததுதானே என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். அந்தக் கதையில் மாம்பழங்கள் ஒன்றல்ல. எந்தப் பழம் உயர்ந்தது என்று கொஞ்சம் யோசித்துப் பார்ப்போம், வாருங்கள்.

ஒரே செல்ல மகள்

காரைக்கால் வணிகர்களின் தலைவர் தனதத்தர். அவருக்குப் பிறந்த ஒரே பெண் புனிதவதி. பேச்சு வரத் தொடங்கிய நாளிலேயே சிவநாமம் சொல்லப் பழகிய குழந்தை. அடியார்களைக் கண்டால் ஓடிப் போய் விழுந்து வணங்குவாள்.

பெண் வளர்ந்தாள். நாகப்பட்டினத்து வணிகர் நிதிபதியின் மகன் பரமதத்தனுக்குக் கல்யாணம் செய்து கொடுத்தார்கள். ஒரே மகளைப் பிரிய மனம் வருமா பெற்றவருக்கு? மாப்பிள்ளையைக் காரைக்காலிலேயே தங்கச் செய்து, பக்கத்திலேயே தனி வீடும் வேண்டிய பொருளும் கொடுத்துக் குடிவைத்தார் தனதத்தர். பரமதத்தனும் கெட்டிக்காரன். வியாபாரத்தைப் பெருக்கினான். குறையில்லாத குடித்தனம்.

ஒருநாள் பரமதத்தன் கடையில் இருந்தபோது, அவனைப் பார்க்க வந்தவர்கள் இரண்டு மாங்கனிகளைக் கொடுத்தார்கள். அவன் அவற்றை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினான். புனிதவதி வாங்கிப் பத்திரமாக வைத்தாள்.

வாசலில் வந்து நின்ற பசி

சமையல் பாதியில் இருந்த நேரம். சோறு வெந்துவிட்டது, கறி இன்னும் ஆகவில்லை. அப்போது வாசலில் ஒரு சிவனடியார். நல்ல வயது. மூப்பினால் தளர்ந்த உடம்பு. பசியோ முகத்திலேயே தெரிகிறது.

இந்த இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். கறி ஆகட்டும், ஒரு நாழிகை பொறுங்கள் பெரியவரே என்று சொல்லியிருந்தால் யாரும் குற்றம் சொல்லப் போவதில்லை. வெறும் சோறு போட்டாலும் தவறில்லை. வீட்டில் இருந்த மாம்பழங்களோ கணவன் அனுப்பியவை. அவன் வந்து கேட்டால் பதில் சொல்ல வேண்டும். அடுப்படியில் இந்தக் கணக்கெல்லாம் நம் மனத்தில் ஓடாமலா இருக்கும்?

புனிதவதி அந்த முதியவரின் தளர்ச்சியைப் பார்த்தாள். கால் கழுவ நீர் கொடுத்தாள். இலை போட்டு, சோறு படைத்து, கறிக்குப் பதிலாக அந்த இரண்டு கனிகளில் ஒன்றை எடுத்து வைத்தாள். அவர் வயிறாரச் சாப்பிட்டார். மனம் மகிழ்ந்து போய்விட்டார்.

அவ்வளவுதான்! அந்தப் பெரியவரின் பெயர் நமக்குத் தெரியாது. அவர் பிறகு கதையில் திரும்பி வரவும் இல்லை. காரைக்காலில் நடக்கும் திருவிழாவில் சிவபெருமானே பிட்சாடனராக வந்து அமுதுண்டதாகக் கொண்டாடுகிறார்கள். ஆனால், பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பெருமான் அவரை ஓர் அடியார் என்ற அளவிலேயே காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார். புனிதவதிக்கும் அவ்வளவுதான் தெரியும். பசித்து வந்த, வயதான, அயலூர்க்காரர் ஒருவர். வந்தவர் யாரோ பெரிய ஆள் என்று எண்ணி அவள் பழத்தைக் கொடுக்கவில்லை. கைம்மாறாக ஏதோ கிடைக்கும் என்றும் கொடுக்கவில்லை.

இரண்டாம் கனியும் மூன்றாம் கனியும்

உச்சிப்பொழுதில் பரமதத்தன் சாப்பிட வந்தான். மீதம் இருந்த பழத்தை இலையில் வைத்தாள் புனிதவதி. நல்ல ருசி! இன்னொன்றையும் கொண்டு வா என்றான் அவன்.

உள்ளே போன புனிதவதி திகைத்து நின்றாள். உற்ற இடத்தில் உதவும் ஈசனை நினைத்தாள். அவள் கையில் ஒரு மாங்கனி வந்து இருந்தது! கொண்டுவந்து இலையில் வைத்தாள். அமுதத்தையும் மிஞ்சிய சுவை. பரமதத்தனுக்குச் சந்தேகம். இது நான் அனுப்பிய பழம் இல்லையே, எங்கே கிடைத்தது என்று கேட்டான்.

ஒரு பொய் சொல்லியிருந்தால் அந்தக் குடும்பம் அப்படியே ஓடியிருக்கும். பக்கத்து வீட்டில் கொடுத்தார்கள் என்றால் அவன் நம்பாமலா போவான்? ஆனால், அவளுக்குக் கணவனிடம் மறைக்கத் தெரியவில்லை. நடந்ததை அப்படியே சொன்னாள். அவன் நம்பவில்லை. ஈசன் தந்தது உண்மையானால் இன்னொன்று வரவழைத்துக் காட்டு என்றான். அவள் மறுபடி வேண்டினாள். கனி வந்தது. அவன் கையில் வாங்கினான். அடுத்த கணம் கனியைக் காணோம்!

அன்றோடு முடிந்தது அவர்கள் இல்லறம். பரமதத்தன் கோபப்படவில்லை, பயந்துவிட்டான். இவள் மானுடப் பெண் அல்ல, தெய்வம் என்று எண்ணிவிட்டான். ஒரே கூரையின் கீழ் இருந்தும் விலகியே வாழ்ந்தான். பிறகு கடல் வாணிபத்துக்குப் போவதாகச் சொல்லிக் கப்பலேறினான். நிறையப் பொருள் சேர்த்தான். ஆனால், காரைக்காலுக்குத் திரும்பவில்லை. பாண்டிய நாட்டில் கடலோர ஊர் ஒன்றில் இறங்கி, அங்கேயே ஒரு வணிகரின் மகளை மணந்து குடியமர்ந்தான். ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதற்குப் புனிதவதி என்றே பெயர் வைத்தான்.

இது எதுவும் அறியாத புனிதவதி, கணவன் வருவான் என்ற நம்பிக்கையில் வீட்டைக் காத்துக்கொண்டு இருந்தாள். கடல் கடந்து போனவரின் கடிதத்துக்காகக் காத்திருந்த செட்டிநாட்டு ஆச்சிமார்களைக் கேட்டிருந்தால், அந்த நாட்கள் எப்படி நகரும் என்று சொல்லியிருப்பார்கள். அவர்களுக்காவது கடிதம் வந்தது. புனிதவதிக்கு அதுவும் இல்லை.

தோப்பில் நடந்தது

விஷயம் ஒருநாள் உறவினர் காதுக்கு எட்டியது. புனிதவதியைப் பல்லக்கில் ஏற்றி அந்தப் பாண்டிய நாட்டு ஊருக்கு அழைத்துப் போனார்கள். ஊருக்கு வெளியே ஒரு சோலையில் இறக்கிவிட்டு, பரமதத்தனுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவன் புது மனைவியோடும் குழந்தையோடும் வந்தான். வந்தவன் எல்லோர் முன்னிலையிலும் புனிதவதியின் காலில் விழுந்தான்! இவர் தெய்வம், அதனால்தான் என் மகளுக்கு இவர் பெயரை இட்டேன், நீங்களும் வணங்குங்கள் என்றான்.

அந்தப் பெண்ணின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்? அவள் செய்த தவறு என்ன? வயதானவருக்கு ஒரு பழம் கொடுத்தாள். கேட்டபோது உண்மையைச் சொன்னாள். கணவன் காலில் விழுகிறான். ஆனால், அவளோடு வாழ மாட்டான்.

அவள் அழவில்லை, யாரையும் ஏசவில்லை. ஈசனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். கணவனுக்காகத் தாங்கிய இந்த அழகும் சதையும் இனி எதற்கு? இதை எடுத்துக்கொண்டு, உன் திருவடியைச் சூழ்ந்து போற்றும் பேய் வடிவம் தந்துவிடு என்று வேண்டினாள். அப்படியே ஆயிற்று. இளமை உதிர்ந்தது. எலும்பும் தோலுமாக, வற்றிய உடம்பாக நின்றார் அம்மையார். வானிலிருந்து பூமாரி பொழிந்தது. கூட இருந்த சுற்றத்தார் பயந்து விலகிப் போனார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். ஒரு முதியவரின் தளர்ந்த உடம்பைக் கண்டு இரங்கியவர், தன் இளமையைத் தானே கொடுத்துவிட்டு அதே தளர்ந்த வடிவை வாங்கிக்கொண்டார்.

அம்மை என்று அழைத்த அப்பன்

அந்த நேரத்தில் அவர் பாடியவைதாம் 101 பாடல்கள் கொண்ட அற்புதத் திருவந்தாதியும், 20 பாடல்கள் கொண்ட திருவிரட்டை மணிமாலையும். பிறகு கயிலாயத்துக்குப் புறப்பட்டார். வழியில் கண்டவர்கள் எல்லாம் அந்த உருவத்தைப் பார்த்து அஞ்சி ஓடினார்கள். ஈசன் வீற்றிருக்கும் மலையைக் காலால் மிதிக்கக் கூடாது என்று தலையாலேயே நடந்து ஏறினார்.

உமாதேவியார் அந்த வடிவைக் கண்டு வியந்து, வருவது யார் என்று கேட்டார். பெருமான் சொன்ன பதில், தாய்மார்கள் எல்லோரும் நெஞ்சில் வைத்துக்கொள்ள வேண்டியது. இவள் நம்மைப் பேணும் அம்மை என்றாராம். பிறகு அம்மையே என்று தானே அழைத்தார். அம்மையார் அப்பா என்று அந்தத் திருவடியில் விழுந்தார்.

தாயும் தந்தையும் இல்லாத பிறவா யாக்கைப் பெரியோன், பிள்ளை பெறாத ஒரு பெண்ணை அம்மா என்கிறான். முன்பின் தெரியாத ஒருவருக்குப் பசியறிந்து சோறு போட்ட அன்றே புனிதவதி தாயாகிவிட்டாள் அல்லவா!

என்ன வேண்டும் என்று பெருமான் கேட்க, இறவாத அன்பு வேண்டும், பிறவாமை வேண்டும், மீண்டும் பிறந்தால் உன்னை மறவாமை வேண்டும், நீ ஆடும்போது உன் அடியின் கீழ் இருந்து பாட வேண்டும் என்று கேட்டார். பெருமான் திருவாலங்காட்டுக்கு அனுப்பினார். அங்கே ஆடல் கண்டு பாடியவை மூத்த திருப்பதிகங்கள். இவை எல்லாம் பதினோராம் திருமுறையில் உள்ளன. அம்மையார் தலையால் நடந்த மண் என்பதால் திருஞானசம்பந்தப் பெருமான் திருவாலங்காட்டில் கால் பதிக்கத் தயங்கினார் என்றால், அந்தப் பெருமையை என்னவென்று சொல்வது!

கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடும் பெருமானின் காலடியில் தாளம் போடும் அம்மையாரைப் பார்க்கலாம். வணிகர்களின் கப்பல்கள் போன கடலுக்கு அப்பால், கம்போடியாவில் 967-ல் எழுந்த பான்தே ஸ்ரெய் கோயிலிலும், ஆடும் சிவனுக்குக் கீழே உள்ள மெலிந்த பெண்ணுருவை அம்மையார் என்றே அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள்.

எந்தப் பழம் உயர்ந்தது?

இப்போது சொல்லுங்கள். கையில் தோன்றிய பழங்கள் ஈசன் செய்த அற்புதம். முதல் பழம்தான் புனிதவதி செய்தது. அற்புதப் பழத்தைக் கண்ட கணவன் பயந்து ஓடினான். முதல் பழத்தைச் சாப்பிட்டவரோ வயிறு குளிர்ந்து போனார். அற்புதம் நம்மால் ஆகாது. முதல் பழம் நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது.

இன்று நம் வீடுகளில் திண்ணை இல்லை. அடுக்குமாடிக் கதவில் ஒரு கண்ணாடித் துளைதான் இருக்கிறது. சரி, பத்திரமாக இருக்க வேண்டிய காலம்தான். ஆனால், கோயில் வரிசையில் நிற்க முடியாமல் தவிக்கும் பாட்டியும், பேருந்து நிறுத்தத்தில் வெயிலில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவும் நம் கண்ணில் படாமலா போகிறார்கள்? உங்கள் மகளோ மகனோ ஒரு முதியவருக்கு இடம் விட்டு எழுந்தால், தண்ணீர் பாட்டிலை நீட்டினால், நேரமாகிறது என்று கையைப் பிடித்து இழுக்காதீர்கள். புனிதவதி அந்த வயதில்தான் இருந்தாள்.

அடுத்த முறை பிள்ளையார்பட்டி, குன்றக்குடி என்று செட்டிநாட்டுக் கோயில்களுக்குப் போகும்போது, அறுபத்துமூவர் வரிசை உள்ள சன்னதியில் சற்று நில்லுங்கள். நாயன்மார்கள் நின்றிருப்பார்கள், நடுவே மெலிந்த உருவில் அம்மையார் மட்டும் பெரும்பாலும் அமர்ந்திருப்பார். அதே வரிசையில் இளையான்குடி மாறனாரையும் தேடி வணங்குங்கள். மழை இரவில் வந்த அடியாருக்காக, விதைத்த நெல்லையே வாரி வந்து மனைவியிடம் கொடுத்து அமுது படைக்கச் செய்தவர் அவர். அவருடைய இளையான்குடியும் காரைக்குடி இருக்கும் அதே சிவகங்கை மாவட்டத்தில்தான் இருக்கிறது.

ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டிக் காரைக்காலில் மாங்கனித் திருவிழா நடக்கிறது. பிட்சாடனர் வீதியுலா வரும்போது, மாடிகளிலிருந்து மக்கள் மாம்பழங்களை வாரி இறைப்பார்கள். குழந்தை வரம் வேண்டுவோர் அதைப் பிரசாதமாக ஏந்திக்கொள்வார்கள். அம்மையாரின் குருபூஜை பங்குனி சுவாதியில் வருகிறது. போக முடிந்தால் போய் வாருங்கள். முடியாவிட்டால், அன்று வீட்டில் விளக்கேற்றி, சாதமும் ஒரு மாம்பழமும் நைவேத்தியம் வையுங்கள். பிறகு அதை எடுத்துக்கொண்டு போய், பெயர் தெரியாத ஒரு முதியவருக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள். அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை பக்கத்தில் நின்றால் இன்னும் நல்லது!