ஹனவோக்கா செய்ஷூ

ஹனவோக்கா செய்ஷூ (1760 – நவம்பர் 21, 1835) ஜப்பானைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஆவார். நோயாளியை முழு மயக்கத்தில் ஆழ்த்தி மார்பகப் புற்றுநோய்க் கட்டியை 1804 ஆம் ஆண்டில் அகற்றியவர். முழு மயக்கத்தில் செய்யப்பட்ட அறுவைகளுள் நம்பகமான சான்றுடன் அறியப்படும் மிகப் பழையது இதுவே எனப் பரவலாகக் கருதப்படுகிறது. பாஸ்டனில் வில்லியம் மார்ட்டன் ஈதரைக் கொண்டு நிகழ்த்திய புகழ்பெற்ற செயல்விளக்கம் இதற்கு 42 ஆண்டுகள் கழித்தே நடைபெற்றது.

வாழ்க்கை

செய்ஷூ கீ மாகாணத்திலுள்ள ஹிராயாமா என்னும் சிற்றூரில் (இன்றைய வாக்கயாமா மாநிலம்) ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தார். 1782 இல் கியோத்தோ சென்று மரபு மருத்துவத்தையும், டச்சுக்காரர் வழியாக ஜப்பானை அடைந்திருந்த ஐரோப்பிய அறுவை முறையையும் பயின்றார். நாடு அயலாருக்குக் கதவடைத்திருந்த காலம் அது. நாகசாகித் துறைமுகம் வழியே கசிந்த அறிவே ஐரோப்பிய மருத்துவமாக அங்கு அறியப்பட்டது. 1785 இல் ஊர் திரும்பித் தந்தையின் தொழிலை ஏற்றார்.

மயக்க மருந்து

பண்டைய சீன மருத்துவர் ஹுவா துவோ ஒரு மயக்க மருந்தைக் கொடுத்து அறுவை செய்தார் என்னும் செய்தி செய்ஷூவைக் கவர்ந்தது. அம்மருந்தின் செய்முறை அழிந்துபோயிருந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முயன்று, சூசென்சன் என்னும் கலவையை அவர் உருவாக்கினார். இதன் முதன்மைப் பொருள் ஊமத்தை. தமிழ்நாட்டின் வேலியோரங்களில் வளரும் அதே செடிதான். இதனுடன் நாபி வகையும் வேறு சில மூலிகைகளும் சேர்க்கப்பட்டன. கொதிக்க வைத்து வடித்த நீரைக் குடித்த நோயாளி சில மணி நேரத்தில் உணர்விழந்து, பல மணி நேரம் அந்நிலையிலேயே இருப்பார்.

ஊமத்தையும் நாபியும் கொடிய நஞ்சுகள். மயக்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடையிலான தொலைவு மிகக் குறைவு. எனவே சரியான அளவைக் கண்டறிவதே உண்மையான சிக்கலாக இருந்தது. விலங்குகளில் சோதித்த பின்னர், அவருடைய தாயும் மனைவி காயேயும் தம்மையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டனர் என்றும், தாய் இறந்தார், மனைவி பார்வையிழந்தார் என்றும் கூறப்படுகிறது. இதை வைத்து அரியோஷி சவாக்கோ எழுதிய புதினம் 1967 இல் திரைப்படமாகவும் வந்தது. மாமியார் மருமகள் போட்டியை மையமாகக் கொண்ட அக்கதையை அப்படியே வரலாறாகக் கொள்ள இயலாது.

மார்பகப் புற்றுநோய் அறுவை

மார்பகம் பெண்ணின் உயிர்நிலை, அதை வெட்டினால் இறந்துவிடுவாள் என்பது அக்கால ஜப்பானிய மருத்துவரின் நம்பிக்கை. 1804 அக்டோபர் 13 அன்று கான் என்னும் 60 வயதுப் பெண்மணிக்கு மயக்க மருந்தளித்து, இடது மார்பகத்திலிருந்த கட்டியைச் செய்ஷூ அகற்றினார். இவருடைய குடும்பத்தில் முன்னரும் பெண்கள் இந்நோயால் இறந்திருந்தனர். கான் அறுவையிலிருந்து மீண்டாரெனினும், நான்கரை மாதங்களுக்குப் பின் இறந்தார். வலியை வென்ற மருந்தால் நோயை வெல்ல இயலவில்லை. ஆயினும் இதன் அருமையை உணர ஓர் ஒப்பீடு போதும்: ஏழாண்டுகள் கழித்து, 1811 இல், ஆங்கில எழுத்தாளர் ஃபேனி பர்னியின் மார்பகம் பாரிசில் எவ்வித மயக்க மருந்துமின்றி அகற்றப்பட்டது.

செய்தி பரவியதும் பல பகுதிகளிலிருந்தும் நோயாளிகள் ஹிராயாமாவுக்கு வந்தனர். 150க்கும் மேற்பட்ட மார்பகப் புற்றுநோயாளிகளின் பெயர்கள் அவருடைய பதிவேட்டில் உள்ளன.

மாணவர்களும் மறைபொருளும்

ஷுன்ரின்கென் என்னும் அவரது பள்ளியில் நூற்றுக்கணக்கானோர் பயின்றனர். கற்றதை வெளியிடுவதில்லை என உறுதிமொழி அளித்தே அவர்கள் சேர்ந்தனர். செய்ஷூவும் தம் முறையை நூலாக வெளியிடவில்லை. எஞ்சியவை மாணவர்களின் கைப்படிகளே. நச்சு மருந்து தகுதியற்றவர் கைக்குப் போகக்கூடாது என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் இம்மறைப்பும் நாட்டின் தனிமையும் சேர்ந்து, அவருடைய சாதனையை உலக மருத்துவத்தின் வளர்ச்சியில் பங்கின்றிச் செய்துவிட்டன. ஜப்பான் கதவு திறந்தபின் ஈதரும் குளோரோஃபாமும் சூசென்சனின் இடத்தைப் பிடித்தன.

ஜப்பானிய மயக்கவியல் மருத்துவர் சங்கத்தின் சின்னத்தில் ஊமத்தைப் பூ இடம்பெற்றுள்ளது.