சார்லஸ் குட்இயர்

மேசைப்பந்து மட்டையில் ஒட்டும் இரப்பர்த் தகடு மெத்தென்று அமையவில்லையென்றும், வேண்டிய வன்மையுடையது கடையிற் கிடைக்கவில்லையென்றும் நாம் சலித்துக்கொள்கின்றோம். அவ்வன்மையை வேண்டியவாறு அமைக்க வழிகண்டவர்தம் அல்லலை நாம் எண்ணுவதில்லை.

அமெரிக்காவில் நியூஹேவன் நகரில் 1800-ஆம் ஆண்டிற் பிறந்தவர் சார்லஸ் குட்இயர். இரும்புச்சாமான் வாணிகம் முறிய, கடனுக்காகச் சிறை புகுந்தார். அக்காலத்து இரப்பர் கோடையில் உருகி ஒட்டும். குளிரில் விறைத்து வெடிக்கும். அக்குறையை நீக்கத் துணிந்த அவர், வீட்டுப் பொருள்களையும் தம் மக்களின் பாடநூல்களையுங்கூட விற்றார். 1839-இல், கந்தகங் கலந்த இரப்பர்த் துண்டொன்று சுடும் அடுப்பிற் பட்டும் உருகாது தோல்போல் நின்றது. அதனைப் பல்லாண்டு ஆராய்ந்து 1844-இல் காப்புரிமை பெற்றார். கந்தகம் சிறிதாயின் இரப்பர் நெகிழ்ந்து நிற்கும். மிகுந்தால் மரம்போல் இறுகும்.

எனினும், வழக்குகளிற் பொருளழிந்து, 1860-இற் பெருங்கடனோடு மாண்டார். 1898-இற் பிறர் தொடங்கிய டயர்த் தொழிற்சாலை அவர் பெயரை மட்டுமே தாங்கிற்று.

மக்களின் நூலை விற்ற தந்தையைப் போற்றுவதோ நோவதோ? மாணவராகிய நாம் விடையறியோம். ஆயினும், இனி மட்டையை விரலால் அழுத்திப் பார்க்குந்தோறும் அப்பிள்ளைகளை நினைப்போம்.